ஆயுதம் கண்டுபிடித்தவருக்குக் காசு வருமா? பினாங்கில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் 22 ஆண்டுகள் காப்புரிமைத் தாள்களோடு குப்பை கொட்டியவள் நான். பொறியாளர்கள் கண்டுபிடிப்பார்கள்; நான் விண்ணப்பப் பாரம் நிரப்புவேன், கையெழுத்து வாங்குவேன், கட்டணம் கட்ட வேண்டிய தேதியை நினைவூட்டுவேன். ஓய்வு பெற்ற பிறகு தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளைப் புத்தாக்கப் போட்டிகளுக்குத் தயார் செய்ய உதவுகிறேன். ஆசிரியை இல்லை என்றாலும் பிள்ளைகளுக்கு நான் 'டீச்சர்'தான்.

போட்டி முடிந்ததும் அவர்களை ஜார்ஜ் டவுனுக்குக் கூட்டிப்போவது வழக்கம். கார்ன்வாலிஸ் கோட்டையில் ஸ்ரீ ரம்பாய் பீரங்கிக்கு முன்னால் நிற்கும்போது யாராவது ஒரு பையன், ஆயுதம் கண்டுபிடித்தவருக்குக் காசு வருமா என்று ஆரம்பித்துவிடுவான். பிறகு அதே சந்தேகத்தைப் பெற்றோர் கேட்பார்கள், மாமாக் சாப்பாட்டுக் கடையில் பழைய சக ஊழியர்கள் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

டீச்சர், ஏகே 47 கண்டுபிடிச்சவருதான் உலகத்துலேயே பெரிய பணக்காரரா?

இல்லை. மிக்கயீல் கலாஷ்னிகோவ் 1919ல் பிறந்து 2013ல் இறந்தார். அவர் வடிவமைத்த துப்பாக்கியை 1949ல் சோவியத் ராணுவம் எடுத்துக்கொண்டது. அந்த வகைத் துப்பாக்கிகள் இன்றுவரை 10 கோடி அளவுக்குச் செய்யப்பட்டிருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. ஒன்றுக்கு 10 சென் என்று வந்திருந்தால்கூட ஒரு கோடி வெள்ளி, அதாவது ரிங்கிட். அப்படி எதுவும் வரவில்லை.

வந்தது என்ன? 1949ல் ஸ்டாலின் பரிசு, கூடவே 1,50,000 ரூபிள். அந்தக் காலத்துக்கு அது நல்ல தொகைதான். அப்புறம் சோஷலிச உழைப்பு வீரர் பட்டம் இரண்டு தடவை, கடைசியில் 2009ல் ரஷ்யக் கூட்டமைப்பின் வீரர் பட்டம், ராணுவத்தில் உயர் பதவி. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் டத்தோ, டத்தோஸ்ரீ என்று பட்டத்துக்கு மேல் பட்டம்; பாங்கில் சம்பளமும் பென்ஷனும் மட்டும். முதுமையில்தான் தன் பெயரை விற்கும் வாய்ப்பு கிடைத்தது. 2004ல் லண்டனில் 'கலாஷ்னிகோவ்' ஓட்கா அறிமுகமானபோது அவரே நேரில் போய் நின்றார். துப்பாக்கி தராத வருமானத்தைக் கடைசியில் பெயர்தான் கொஞ்சம் தந்தது.

அந்த 'ராயல்டி'ன்னா என்ன? சம்பளம் மாதிரியா?

கண்டுபிடிப்பிலிருந்து காசு வர மூன்று வழி உண்டு. ஒன்று, சம்பளம்: கண்டுபிடித்தாலும் கண்டுபிடிக்காவிட்டாலும் மாதம் பிறந்தால் வரும். இரண்டு, மொத்தத் தொகை: ஒரே தடவை வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்துவிடுவது. மூன்று, ராயல்டி: விற்கும் ஒவ்வொன்றுக்கும் இத்தனை என்று கணக்கு. தோட்டத்தில் இருந்த என் பாட்டி கேட்டிருந்தால் இப்படிச் சொல்லியிருப்பேன்: நாள் கூலி, மரத்தை விற்றுவிடுவது, மரத்தை வைத்துக்கொண்டு பால் எடுப்பவனிடம் பங்கு வாங்குவது.

ராயல்டி கேட்க வேண்டுமானால் கையில் காப்புரிமை இருக்க வேண்டும். 'பேட்டன்ட்' என்று எல்லோரும் சொல்வது அதைத்தான்: நம் அனுமதி இல்லாமல் மற்றவர் அதைச் செய்யக் கூடாது என்று அரசாங்கம் குறிப்பிட்ட காலத்துக்குத் தரும் உரிமை. அந்தத் தாளில் 'கண்டுபிடித்தவர்' என்று ஒரு கட்டமும் 'உரிமையாளர்' என்று இன்னொரு கட்டமும் தனித்தனியாக இருக்கும். 22 ஆண்டும் நான் நிரப்பியது இந்த இரண்டு கட்டங்களைத்தான். முதல் கட்டத்தில் இருக்கும் பெயருக்குப் பெருமை, இரண்டாவது கட்டத்தில் இருக்கும் பெயருக்குக் காசு. கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு விஷயத்திலிருந்து வருபவை.

சரி, அது கம்யூனிஸ்ட் நாடு. அமெரிக்காவுல எம்16 செஞ்சவருக்காவது கிடைச்சிருக்குமே?

கிடைத்தது. யூஜின் ஸ்டோனர் ஆர்மலைட் என்ற சிறிய நிறுவனத்தில் வேலை பார்த்தபோது ஏஆர்-15ஐ வடிவமைத்தார்; ராணுவத்தில் அதற்குத்தான் எம்16 என்று பெயர். ஆர்மலைட் என்பது ஃபேர்சைல்ட் விமானக் கம்பெனியின் ஒரு பிரிவு. 1959ல் அந்த உரிமையைக் கோல்ட் நிறுவனத்துக்கு 75,000 டாலருக்கு விற்றார்கள்; கூடவே செய்யும் துப்பாக்கிக்கு 4.5 சதவீத ராயல்டி. 75,000 டாலர் என்பது பின்னால் நடந்த வியாபாரத்தைப் பார்த்தால் சுண்டைக்காய். வியட்நாம் போர் வந்தது, எம்16 குடும்பத்தில் 80 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். ஸ்டோனரின் சொந்தப் பங்கு துப்பாக்கி ஒன்றுக்கு ஏறக்குறைய 1 டாலர் என்று சொல்வார்கள்.

1990ல் கலாஷ்னிகோவ் அமெரிக்கா போனபோது இருவரும் சந்தித்துப் பேசினார்கள், ஒருவர் துப்பாக்கியை மற்றவர் சுட்டுப் பார்த்தார்கள். ஸ்டோனரிடம் சொந்த விமானம் இருந்தது. கலாஷ்னிகோவ் பயணச் சீட்டுக்கே இன்னொருவரை நம்பி வந்தவர். மூளையில் இருவருக்கும் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. இரண்டாவது கட்டத்தில் இருந்தவர் பங்கு கொடுத்தாரா என்பதில்தான் வித்தியாசம்.

அப்போ இன்னைக்கு விக்கிற ஏஆர்-15க்கும் அவர் பிள்ளைங்களுக்குக் காசு போகுதா?

போகாது. அவருடைய முக்கியமான காப்புரிமை 1960ல் வழங்கப்பட்டது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி வழங்கிய நாளிலிருந்து 17 ஆண்டு. 1977ல் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் செய்யலாம், யாருக்கும் ஒரு காசு தர வேண்டாம். இன்று அத்தனை கம்பெனிகள் அந்தத் துப்பாக்கியைச் செய்வதற்கு அதுவே காரணம். பொதுமக்கள் சந்தையில் அது வெறித்தனமாக விற்க ஆரம்பித்ததும் காப்புரிமை முடிந்து வெகு காலத்துக்குப் பிறகுதான்.

மலேசியாவில் இப்போது விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. ஆண்டுக் கட்டணம் கட்டத் தவறினால் அதற்கு முன்பே போய்விடும். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஃபிராங்க் விட்டில் நினைவு வரும். ஜெட் எஞ்சினுக்கு வழி காட்டிய பிரிட்டிஷ் விமானப்படை அதிகாரி. 1935ல் காப்புரிமையைப் புதுப்பிக்க 5 பவுண்டு கட்ட வேண்டும். அவரிடம் இல்லை, பிரிட்டிஷ் விமான அமைச்சும் கட்ட மறுத்தது, காப்புரிமை காலாவதியானது. போர் முடிந்த பிறகு 1948ல் அரசாங்கம் மனமிரங்கி 1,00,000 பவுண்டு பரிசு கொடுத்தது. அவருக்காவது கொடுத்தார்கள்.

ஆயுதத்துல யாருமே கோடீஸ்வரர் ஆகலையா அக்கா?

ஆகாமல் என்ன! சாமுவேல் கோல்ட் 1836ல் ரிவால்வருக்குக் காப்புரிமை எடுத்தார். முதல் தொழிற்சாலை நொடித்துப்போனது. ஆனால் காப்புரிமையைக் கைவிடவில்லை. 1847ல் மெக்சிகோ போருக்காக 1,000 துப்பாக்கி கேட்டு அமெரிக்க அரசாங்கம் வந்தபோது மறுபடி எழுந்தார். 1862ல் 47 வயதில் இறந்தபோது அமெரிக்காவின் பெரும் பணக்காரர்களில் ஒருவர்.

ஹைராம் மேக்சிம் இன்னொருவர். 1884ல் தானாகக் குண்டு ஏற்றிக்கொண்டு சுடும் இயந்திரத் துப்பாக்கி. வியன்னாவில் பார்த்த ஓர் அமெரிக்கர், 'நிறைய சம்பாதிக்கணும்னா, ஐரோப்பியர்கள் ஒருவர் கழுத்தை ஒருவர் சுலபமாக அறுத்துக்கொள்ள ஒரு வழி கண்டுபிடி' என்ற பொருளில் தன்னிடம் சொன்னதாக மேக்சிமே பின்னாளில் சொல்லிக்கொண்டார். சொந்தக் கம்பெனி வைத்தார், அதை விக்கர்ஸ் வாங்கியது, 1901ல் 'சர்' பட்டமும் வந்தது.

நம் காலத்து உதாரணம் காஸ்டன் குளோக். ஆஸ்திரியாவில் திரைச்சீலைக் கம்பியும் கத்தியும் செய்துகொண்டிருந்தவர், அதற்கு முன் துப்பாக்கி வடிவமைத்ததே இல்லை. 1980களின் தொடக்கத்தில் ராணுவத்துக்குப் புதுக் கைத்துப்பாக்கி வேண்டும் என்று கேள்விப்பட்டு, பிளாஸ்டிக் உடலோடு ஒன்று செய்து போட்டியில் வென்றார். கண்டுபிடித்தவர், காப்புரிமைக்காரர், தொழிற்சாலை முதலாளி எல்லாம் ஒரே ஆள். 2023ல் 94 வயதில் இறந்தபோது அவர் சொத்தை எண்ண பில்லியன் கணக்கு வேண்டியிருந்தது. இந்த மூன்று பேருக்கும் பொதுவாக இருப்பது சொந்தத் தொழிற்சாலை.

மொத்தத் தொகை வாங்குறது நல்லதா, ராயல்டி நல்லதா?

இந்தக் கேள்விக்கு ஜான் பிரௌனிங் என்ற ஒரே மனிதரின் வாழ்க்கை போதும். 128 காப்புரிமை எடுத்தவர், துப்பாக்கி உலகில் அவருக்கு இணை சொல்ல ஆள் இல்லை. 1883ல் வின்செஸ்டர் கம்பெனி அவருடைய முதல் துப்பாக்கியை 8,000 டாலருக்கு வாங்கியது. அதன் பிறகு ஏறக்குறைய 20 ஆண்டு அவர் செய்ததையெல்லாம் ஒரே தொகைக்கு வாங்கிக்கொண்டே இருந்தது. பலவற்றைச் செய்யவே இல்லை. போட்டிக் கம்பெனி கையில் போகக் கூடாது என்று வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டியது. என் வேலையிலும் இதைப் பார்த்திருக்கிறேன், அப்படி அலமாரிக்குப் போன ஒரு கண்டுபிடிப்புக்காகக் கண்கலங்கிய இளம் பொறியாளரையும் பார்த்திருக்கிறேன்.

1902 வாக்கில் தானாகக் குண்டு ஏற்றும் வேட்டைத் துப்பாக்கி ஒன்றைச் செய்தபோது, இதற்கு ராயல்டிதான் வேண்டும் என்றார் பிரௌனிங். வின்செஸ்டர் மறுத்தது. ரெமிங்டன் கம்பெனிக்குப் போனார். தலைவரைப் பார்க்கக் காத்திருந்த அன்றே அந்தத் தலைவர் மாரடைப்பில் இறந்தார். சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம். பிறகு கப்பலேறி பெல்ஜியத்தில் எஃப்என் நிறுவனத்திடம் ராயல்டிக்குக் கொடுத்தார். அந்தத் துப்பாக்கி கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு ஓடியது.

அதே மனிதர் முதல் உலகப் போரில் வேறு மாதிரி நடந்துகொண்டார். அமெரிக்க அரசாங்கம் அவருடைய இயந்திரத் துப்பாக்கி உட்படச் சில ஆயுதங்களின் உரிமைக்கு 7,50,000 டாலர் மொத்தமாகக் கொடுக்க முன்வந்தது. ஒவ்வொன்றுக்கும் ராயல்டி கேட்டிருந்தால் பல மடங்கு வந்திருக்கும். பேரம் பேசாமல் சரி என்றார். எனவே நல்லது எது என்று கேட்டால், பொருள் விற்குமா என்று சந்தேகமிருந்தால் மொத்தத் தொகை, நம்பிக்கை இருந்தால் ராயல்டி, நாட்டுக்கு ஆபத்து என்றால் அது உங்கள் மனசு.

கவர்மென்ட் வேலையில இருந்துகிட்டே கண்டுபிடிச்சா?

பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. ஜான் கரண்ட் அமெரிக்க அரசாங்கத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதச் சாலையில் வேலை பார்த்தவர். எம்1 துப்பாக்கியின் உரிமையை 1936ல் அரசாங்கத்துக்கே எழுதிக் கொடுத்தார். 50 லட்சத்துக்கு மேல் செய்தார்கள், இரண்டாம் உலகப் போரையே அதை வைத்துத்தான் அமெரிக்கச் சிப்பாய்கள் போராடினார்கள். அவருக்கு 1,00,000 டாலர் கொடுக்கலாம் என்று நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா வந்தது. நிறைவேறவில்லை. 1953ல் ஓய்வு பெற்று வீட்டுக்குப் போனார்.

அப்போ நம்ம கலாம் ஐயாவுக்கு? அக்னி ஏவுகணைக்கு ராயல்டி வந்திருக்கணுமே?

வராது, வரும்படியான ஏற்பாடே அங்கு இல்லை. அப்துல் கலாம் இந்திய அரசாங்கத்தின் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தில் சம்பளக்காரர். 1983ல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டத்துக்குத் தலைமை தாங்கினார், 1989ல் அக்னி முதன்முதலில் பறந்தது. ஓர் ஏவுகணையை ஒருவர் 'கண்டுபிடிப்பது' என்று சொல்வதே பொருந்தாது. எரிபொருள் ஒரு குழு, வழிகாட்டும் கருவி ஒரு குழு, வெப்பம் தாங்கும் மூக்கு ஒரு குழு. முதல் கட்டத்தில் எழுத நூற்றுக்கணக்கான பெயர் வேண்டும்.

பிரமோஸ் ஏவுகணையைக் கேட்பவர்களும் உண்டு. இந்தியாவும் ரஷ்யாவும் சேர்ந்து நடத்தும் நிறுவனத்தின் பொருள் அது. 1998ல் இந்தியா சார்பில் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் கலாம்தான். 2022ல் பிலிப்பைன்ஸ் ஏறக்குறைய 37.5 கோடி டாலருக்கு வாங்கியது. அந்தப் பணம் நிறுவனத்துக்குப் போகும். இராமேஸ்வரத்துக்காரர் புத்தகங்களும் வீணையுமாக எளிமையாகவே வாழ்ந்து 2015ல் போய்ச் சேர்ந்தார்.

அணுகுண்டு செஞ்சவங்களுக்கு எவ்வளவு கொடுத்தாங்க?

1 டாலர். விளையாட்டில்லை. போர்க்காலத்தில் அமெரிக்க அணுத் திட்டத்தில் வேலை செய்த விஞ்ஞானிகள் எந்த யோசனை சொன்னாலும் அதை அரசாங்கத்தின் பெயரில் காப்புரிமையாகப் பதிவார்கள். சட்டப்படி விற்பனை செல்லுபடியாக ஏதாவது விலை கொடுத்தாக வேண்டும் என்பதால் யோசனை ஒன்றுக்கு 1 டாலர் என்று எழுதினார்கள். லாஸ் அலமோஸில் இருந்த இளைஞர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன், 'எங்கே என் டாலர்?' என்று விடாப்பிடியாகக் கேட்டார். அப்படிக் கொடுக்க அங்கே பணமே ஒதுக்கி வைக்கவில்லை. கடைசியில் அதிகாரி தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஃபெய்ன்மன் அதற்கு மிட்டாயும் பிஸ்கட்டும் வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார். பிறகு மற்றவர்களும் வரிசையில் நின்றார்களாம். எங்கள் தொழிற்சாலையிலும் கையெழுத்துத் தாளில் இதே மாதிரி ஒரு சின்னத் தொகை அச்சாகியிருக்கும். கேட்டு வாங்கியவர் யாரும் இல்லை.

இயற்பியலாளர் லியோ சிலார்ட் கதை வேறு. ஒன்று அடுத்ததைத் தூண்டிக்கொண்டே போகும் அணுச் சங்கிலி வினைக்கு அவர் 1934லேயே பிரிட்டனில் விண்ணப்பித்தார். விஷயம் வெளியே தெரிந்தால் ஆபத்து என்று 1936ல் பிரிட்டிஷ் கடற்படைக்கு அதை ஒப்படைத்தார். காசுக்காக இல்லை, ரகசியம் காப்பாற்ற. இன்னொரு இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மியும் கூட்டாளிகளும், நியூட்ரான் என்ற அணுத்துகளை மெதுவாக்கிப் பயன்படுத்தும் முறையின் காப்புரிமைக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்து 1953ல் 3,00,000 டாலர் பெற்றார்கள். பலருக்குள் பிரிந்தது, வக்கீலுக்கும் போனது.

டைனமைட் நோபல் மட்டும் எப்படி அவ்வளவு சம்பாதிச்சார்?

டைனமைட்டை (1867) பெரும்பாலும் வாங்கியது ராணுவம் இல்லை. சுரங்கம், ரயில் பாதை, கல் குவாரி. ஈப்போ பக்கம் சுண்ணாம்பு மலையில் வெடி வைப்பது போன்ற வேலைகள். வாங்குபவர் ஆயிரம் பேர் இருந்தால் விலை சொல்ல முடியும். கூடவே பல நாடுகளில் சொந்தத் தொழிற்சாலை. அதாவது, மேலே சொன்ன கோல்ட், மேக்சிம் வகை ஆள்.

அதே நோபல் ராணுவத்துக்கு என்று செய்த புகையில்லா வெடிமருந்தில் அடி வாங்கினார். அவர் விவரம் சொல்லிக் கொடுத்த பிரிட்டிஷ் குழுவில் இருந்த இருவரே கொஞ்சம் மாற்றி 'கார்டைட்' என்று ஒன்றைச் செய்தார்கள். வழக்குப் போட்டார். அவருடைய விண்ணப்பத்தில் 'நன்கு அறியப்பட்ட கரையக்கூடிய வகை' நைட்ரோசெல்லுலோஸ் (வெடிமருந்தில் சேரும் ஒரு பொருள்) என்று எழுதியிருந்தது. கார்டைட்டில் இருந்தது கரையாத வகை. 1895ல், அன்று பிரிட்டனின் கடைசி நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபைவரை போய்த் தோற்றார். ஒரு சொல்லுக்கு வந்த வினை. பிள்ளைகள் விண்ணப்பம் எழுதும்போது நான் ஒவ்வொரு சொல்லுக்கும் ஏன் சண்டை பிடிக்கிறேன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

எதிரி நாட்டுக்காரன் கண்டுபிடிச்சதை வச்சே அவனைச் சுட்டா, அவனுக்கும் காசு கொடுக்கணுமா?

கேட்டவர் ஒரு ஓய்வு பெற்ற போலீஸ்காரர், சிரித்துக்கொண்டே கேட்டார். உண்மையில் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் 1903 ஸ்பிரிங்ஃபீல்ட் துப்பாக்கி ஜெர்மனியின் மவுசர் துப்பாக்கியைப் பார்த்துச் செய்தது. மாட்டிக்கொண்டதும் 1905ல் ஒப்பந்தம் போட்டார்கள்: துப்பாக்கிக்கு 75 சென்ட், மொத்தம் 2,00,000 டாலர் ஆகும்வரை. கட்டி முடித்த சில ஆண்டுகளில் இரு நாடும் போரில் எதிரெதிரே நின்றன. கூர்முனைத் தோட்டா விஷயத்தில் இன்னொரு ஜெர்மன் நிறுவனம் தொடுத்த வழக்கு போர் முடிந்த பிறகும் ஓடியது; 1928ல் அமெரிக்கா 4,00,000 டாலருக்கு மேல் கொடுத்தது.

பிரிட்டனிலும் உண்டு. விக்கர்ஸ் கம்பெனி செய்த குண்டுகளில் ஜெர்மனியின் குருப் நிறுவனத்தின் காப்புரிமை பெற்ற வெடிமுனை இருந்தது. போர் முடிந்ததும் குருப் கணக்கு நோட்டோடு வந்து கேட்டது, விக்கர்ஸ் ஒரு தொகை கொடுத்துச் சமரசம் செய்தது. செத்த சிப்பாய்கள் எந்தப் பக்கம் என்பது அந்தக் கணக்கில் இல்லை. இந்த மூன்று இடத்திலும் பணம் போனது கம்பெனிக்கு, தனி மனிதருக்கு இல்லை என்பதையும் கவனியுங்கள்.

ராக்கெட்டே நம்ம ஊர்ல இருந்து போனதுன்னு சொல்றாங்களே, அதுக்கு யாருக்காவது காசு வந்துச்சா?

1780ல் காஞ்சிபுரம் பக்கம் புள்ளலூரில் மைசூர்ப் படையின் இரும்புக் குழாய் ராக்கெட்டுகள் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைக் கலங்கடித்தன. 1799ல் திப்பு வீழ்ந்ததும் மிஞ்சிய ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குப் போயின. அவற்றிலிருந்து வில்லியம் காங்கிரீவ் தன் ராக்கெட்டை உருவாக்கினார், 1807ல் கோபன்ஹேகன் நகரத்தைத் தாக்கி எரித்ததில் அதுவும் பயன்பட்டது. இன்றும் அதன் பெயர் 'காங்கிரீவ் ராக்கெட்'. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இரும்பை அடித்துக் குழாய் செய்தவர்களுக்கு முதல் கட்டத்தில்கூட இடமில்லை.

மலேசியாவுல செய்யிற துப்பாக்கிக்குக் காசு எங்க போகுது?

சிலாங்கூர் பத்து ஆராங்கில் எஸ்எம்இ ஆர்ட்னன்ஸ் 1991லிருந்து ஆஸ்திரியாவின் ஸ்டெயர் ஆக் துப்பாக்கியை லைசென்ஸ் வாங்கிச் செய்தது, பிறகு எம்4. லைசென்ஸ் என்றால் வடிவத்தின் சொந்தக்காரக் கம்பெனியோடு ஒப்பந்தம். ஸ்டெயர் ஆக்கை வரைந்த பொறியாளர்கள் யார் என்று ராணுவத்தில் இருந்த என் மைத்துனரிடம் கேட்டேன். 'ஆஸ்திரியாக்காரன்லா' என்பதோடு முடித்துக்கொண்டார். எம்4 என்பது ஸ்டோனரின் பேரப்பிள்ளை மாதிரி. ஆனால் அவருடைய காப்புரிமை முடிந்த கதை முன்பே சொன்னேன்.

என் மகன் கம்பெனியில ஒன்னு கண்டுபிடிச்சான். எல்லாம் கம்பெனிக்கே சொந்தமா?

ஆயுதமோ இல்லையோ, அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. நம் காப்புரிமைச் சட்டம் 1983, பிரிவு 20: வேலை ஒப்பந்தத்தின்படி செய்த கண்டுபிடிப்பு முதலாளிக்குச் சேரும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாத வரை. ஆனால் யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு அந்தக் கண்டுபிடிப்பு விலை போனால், கண்டுபிடித்தவருக்கு நியாயமான ஊதியம் உண்டு; பேசித் தீராவிட்டால் நீதிமன்றம் நிர்ணயிக்கும். கண்டுபிடிப்பது அவன் வேலையே இல்லை, ஆனால் கம்பெனியின் கருவியையோ தகவலையோ வைத்துச் செய்தான் என்றாலும் உரிமை கம்பெனிக்கு, ஊதியம் அவனுக்கு. இந்த ஊதிய உரிமையை ஒப்பந்தம் போட்டுக் குறைக்கவும் முடியாது. அரசாங்க ஊழியருக்கும் பொதுவாக இதே விதிதான்.

22 ஆண்டில் இந்தப் பிரிவைக் காட்டிக் கேட்டவர் ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை. தகடு ஒன்றில் பெயர் பொறித்துக் கொடுப்பார்கள், விருந்தில் அங்பாவ் (சீனர்கள் தரும் அன்பளிப்புப் பணம்) மாதிரி ஒரு கவர். வாங்கிக்கொண்டு சிரித்தபடி படம் எடுத்துக்கொள்வார்கள். வேலையில் சேரும்போது கையெழுத்திடும் தாளை வாசிக்கச் சொல்லுங்கள்.

ராணுவ ரகசியம்னு சொல்லி அமுக்கிட்டா?

முடியும். அதே சட்டத்தில் 30ஏ பிரிவின்படி, நாட்டின் பாதுகாப்புக்குப் பங்கம் வரும் என்றால் விண்ணப்ப விவரத்தை வெளியிட அமைச்சர் தடை போடலாம். 84வது பிரிவின்படி அரசாங்கம் உரிமையாளர் சம்மதம் இல்லாமலேயே பயன்படுத்தலாம். அதற்குப் போதுமான ஊதியம் கொடுக்க வேண்டும். வெளிநாட்டில் முதலில் விண்ணப்பிக்கலாமே என்று புத்திசாலித்தனமாகக் கேட்பவர்களுக்கு 23ஏ இருக்கிறது: இங்கே வசிப்பவர் அனுமதி இல்லாமல் அப்படிச் செய்ய முடியாது.

ஆயுதத்தின் சிக்கலே இதுதான். மின்விசிறி கண்டுபிடித்தால் கொம்தார் கட்டடத்தில் இருக்கும் அத்தனை கடையும் வாங்கலாம். பீரங்கி கண்டுபிடித்தால் வாங்கக்கூடியவர் ஒருவர்தான், சட்டம் எழுதுபவரும் அவரேதான்.

சும்மா ஆசைக்கு வீட்டுல ஒரு துப்பாக்கி செஞ்சு பார்க்கலாமா டீச்சர்?

கூடாது. ஆயுதச் சட்டம் 1960 இருக்கிறது, லைசென்ஸ் இல்லாமல் செய்வது குற்றம். 3டி அச்சு இயந்திரம் வைத்திருக்கும் அப்பாக்கள் காதில் இது நன்றாக விழட்டும். அடுத்த கேள்வி.

ஒவ்வொரு துப்பாக்கிக்கும் காசு வாங்குறவனுக்குச் சண்டை வந்தா கொண்டாட்டம்தானே?

கம்பெனிக்குக் கொண்டாட்டம் என்பதை மறுக்க மாட்டேன். 1934லிருந்து 1936வரை அமெரிக்க செனட்டில் நை என்ற செனட்டரின் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து முதல் உலகப் போரில் ஆயுத வியாபாரிகள் எவ்வளவு அள்ளினார்கள் என்று விசாரித்ததே அந்தக் கோபத்தில்தான். தனி மனிதருக்கு வரும்போது கணக்கு குழம்பும். கரண்டுக்கு எத்தனை போர் வந்தாலும் அதே சம்பளம். பிரௌனிங் போர் வந்தபோது குறைத்து வாங்கினார். ஸ்டோனருக்கு நிஜமாகவே போரால் பணம் வந்தது.

காலத்தையும் பாருங்கள். பிரௌனிங் வடிவமைத்த 50 கலிபர் இயந்திரத் துப்பாக்கி இன்றும் பல ராணுவங்களில் இருக்கிறது. அவர் 1926லேயே பெல்ஜியத்தில் வேலை மேசையருகே இறந்துவிட்டார். காப்புரிமை 17, 20 ஆண்டில் சாகும். நல்ல துப்பாக்கி சாக 100 ஆண்டு ஆகும். ஸ்ரீ ரம்பாயையே எடுத்துக்கொள்ளுங்கள். 1603ல் டச்சுக்காரர்கள் வார்த்தது. ஜொகூர் சுல்தானுக்குப் போனது, ஆச்சே பிடித்துக்கொண்டது, சிலாங்கூருக்கு வந்தது, 1871ல் ஆங்கிலேயர் கைப்பற்றினார்கள். இப்போது பிள்ளை வரம் வேண்டிப் பெண்கள் அதன் வாயில் பூ வைக்கிறார்கள்.

அவங்களுக்கு மனசு உறுத்தாதா?

ரிச்சர்ட் காட்லிங் தன் சுழல் துப்பாக்கிக்கு (1862) ஒரு காரணம் வைத்திருந்தார்: ஒரு ஆள் நூறு பேர் வேலையைச் செய்தால் படை சிறிதாகும், நோயிலும் போரிலும் சாகிறவர்கள் குறைவார்கள் என்று 1877ல் ஒரு கடிதத்தில் எழுதினார். நடந்தது நேர்மாறு. கலாஷ்னிகோவ் பல ஆண்டுகள், நான் நாட்டைக் காக்கச் செய்தேன், தவறு அரசியல்வாதிகளுடையது என்றே சொல்லிவந்தார். இறப்பதற்கு முந்திய ஆண்டு ரஷ்யத் திருச்சபைத் தலைவருக்கு எழுதிய கடிதத்தில், என் துப்பாக்கி உயிர் பறித்ததென்றால் அந்தச் சாவுக்கு நானும் பொறுப்பா என்று கேட்டிருந்தார். தேச பக்தருக்குப் பாவமில்லை என்ற மாதிரி திருச்சபை பதில் சொன்னது. எனக்கு அந்தப் பதிலைவிட 90 வயதைத் தாண்டியும் அந்தக் கேள்வியைக் கேட்டதுதான் பெரிதாகப் படுகிறது. காசு வாங்காதது அவர் மனசை இலேசாக்கவில்லை.

துப்பாக்கிக்குப் பதிலா வேற ஏதாவது செஞ்சிருந்தா அவருக்கு அதிகக் காசு கிடைச்சிருக்குமா டீச்சர்?

ஆறாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி கேட்டது. கலாஷ்னிகோவே இதை யோசித்திருக்கிறார். விவசாயிகளுக்கு உதவுகிற மாதிரி புல்வெட்டும் இயந்திரம் கண்டுபிடித்திருக்கலாம் என்று 2002ல் ஜெர்மனியில் சொன்னார். சாலையோரத்தில் புல் வெட்டும் அண்ணன் ஒருவரைக் காட்டி அவளிடம் இதைச் சொன்னேன். 'அப்ப அவரு பணக்காரரா ஆயிருப்பாரு' என்றாள்.

இல்லம்மா. சோவியத் நாட்டில் நம்மைப் போலக் காப்புரிமையைக் கையில் கொடுக்க மாட்டார்கள். கண்டுபிடித்தவர் என்று ஒரு சான்றிதழும் கொஞ்சம் பரிசும் கொடுத்துப் பொருளை அரசாங்கம் எடுத்துக்கொள்ளும். புல்வெட்டியையும் எடுத்துக்கொண்டு இன்னொரு பதக்கம் குத்தியிருப்பார்கள். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, போட்டிக்குத் தான் செய்த மழைநீர் வடிகட்டியின் பாரத்தில் இரண்டாவது கட்டத்தில் யார் பெயர் எழுதியிருக்கிறது என்று கேட்டாள். பள்ளியின் பெயர். அதை அவள் அம்மாவிடமும் தலைமையாசிரியரிடமும் உட்கார்ந்து பேச அடுத்த செவ்வாய்க்கிழமை போகிறேன்.